சொன்ன சொல் தவறாத மிளகாய் நாற்று

கரியாலூரில் பெரியண்ணன் வியாழக்கிழமை நட்ட முப்பத்தைந்து மிளகாய் நாற்றும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் பஸ்ஸில் கச்சிராயபாளையம் வந்து இறங்கி, தைலம்மாள் வீட்டு வாசலில் வரிசையாக நின்றன. அன்று ஆடி பத்தொன்பது. மலையில் முந்தின நாள் தூறல் விழுந்திருந்ததால் எல்லா வேரிலும் செம்மண் ஒட்டியிருந்தது. பெண்களுக்குக் கட்டணம் கிடையாத வண்டி அது. மிளகாய் நாற்று ஆணா பெண்ணா என்று கண்டக்டர் சிவசங்கருக்குப் பாதி மலை இறங்கும்வரைக்கும் குழப்பம் இருந்தது. காய்க்கப் போகிறதெல்லாம் பொம்பளைதான் என்று பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அடித்துச் சொன்ன பிறகு, முப்பத்தைந்து மகளிர் சீட்டைக் கிழித்து ஒவ்வொரு தண்டிலும் சுற்றிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் நாற்றெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர்ந்தன, ஒன்றும் விழவில்லை. பதினேழு வருட சர்வீசில், முன்னால நகருங்க என்று சொன்னதும் முன்னால் நகர்ந்த பயணிகளை அன்றைக்குத்தான் பார்த்ததாக அவர் டிப்போவில் சொன்னார்.

தைலம்மாள் அப்போது டீ கப்புகளுக்கு அடியில் ஊசியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவளுக்கு இரண்டு அறையும் ஒரு மொட்டை மாடியும் கொண்ட சொந்த வீடு. கல் கல்லாகச் சேர்த்துக் கட்டியது. நிலமென்று கையகலம் கிடையாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் யார் தோட்டத்தில் மிளகாய் நின்றாலும், அது முதலில் கண் விழித்தது அவள் மாடியில்தான் என்று சொல்லிவிடலாம். விதைக்கென்று அவள் காய் தேர்ந்தெடுப்பதே தனி வேலை. காம்புப் பக்கத்து விதையையும் நுனிப் பக்கத்து விதையையும் விட்டுவிட்டு நடுவயிற்று விதையை மட்டும் எடுப்பாள். தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை ஒரு ராத்திரி நீர்த்த மோரில் ஊற வைப்பாள். பிறகு பழைய வேட்டித் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அந்தச் சூட்டில் மூன்றாம் நாள், நாலாம் நாள் வெள்ளையாக மூக்கு நீட்டும். அதற்குப் பிறகுதான் கப்பும் மண்ணும். தண்ணீரை ஊற்ற மாட்டாள், விரலால் தெளிப்பாள். எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் சுற்றிலும் சாம்பல் போடுவாள். முளைத்து வரும்போது சில குருத்துகள் விதைத் தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு கழற்றத் தெரியாமல் நிற்கும் அல்லவா, அதைப் பிய்த்தால் குருத்தே போய்விடும். அவள் நாக்கு நுனியில் விரலைத் தொட்டு அந்தத் தொப்பியை நனைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்து வருவாள். தொப்பி தானே கழன்று விழுந்திருக்கும். இருபது வருடத்தில் அவள் முடிச்சில் ஏறிய விதை ஒன்றுகூட வீணாகப் போனதில்லை என்பது கச்சிராயபாளையத்தில் மழை அளவு மாதிரி எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

பெரியண்ணன் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வைகாசி மூன்றாம் வாரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்தார். சாமையும் தினையும் போடுகிற மனிதர். அவர் வீட்டில் ஒரு மிளகாய் இருந்தது. வானத்தைப் பார்த்துக் காய்க்கும், பிஞ்சில் கறுப்பு, பழுத்தால் சிவப்பு, சுண்டுவிரல் நுனி அளவுதான். அரைக்கிற நாளில் பக்கத்து வீட்டு நாய் தும்மும். இரண்டு வருடமாகச் சுருட்டை நோய் வந்து எல்லாச் செடியும் போய்விட்டது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த கடைசிச் சரத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு காய். அதை உடைத்ததில் நாற்பத்தொரு விதை.

"இதான் தங்கச்சி மிச்சம். இதுவும் போச்சுன்னா எங்க வூட்டு மொளகா அவ்ளோதான். வூட்டுக்காரி மாரி ஒரு வருசமா கடை மொளகாய அரைச்சிக்கினு அழுவுறா."

"காரத்துக்கா அழுவுறாங்க?"

"காரமில்லன்னு அழுவுறா."

விதை பழையது. நாலாம் நாள் மூக்கு நீட்டவில்லை, பத்தாம் நாளும் நீட்டவில்லை. வேறு யாராவதாக இருந்தால் குப்பையில் கொட்டியிருப்பார்கள். தைலம்மாள் இருபத்தொரு நாள் அந்த முடிச்சை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போனாலும் சரி, ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் சரி, அது கூடவே இருந்தது. குளிக்கும்போது மட்டும் பல்லில் கடித்துக்கொண்டாள். ஒற்றை ஆள் ஆகையால் பேச்சுத் துணைக்கும் அதையே வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டாம் நாள் முப்பத்தெட்டு விதை ஒரே நேரத்தில் முளை விட்டன. மற்ற மூன்று கல்லாகக் கிடந்தன. அந்த மூன்றையும் அவள் இன்றுவரை கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

அந்த முப்பத்தெட்டில் மூன்று நாற்றைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் எடுத்துக்கொண்டு போனாள். மாடியில் தெளித்த தண்ணீர் தன் வடகத்தின் மேல் சொட்டியதென்று ஏறி வந்து, ஒரு மணி நேரம் சண்டை போட்டு, நஷ்டத்துக்கு ஈடாக மூன்று கப்பைத் தூக்கிக்கொண்டு, இனிமே உன் வாசப்படி மிதிச்சேன்னா என்னை ஏன்னு கேளு என்று கத்திவிட்டு இறங்கினாள். மிச்சம் முப்பத்தைந்தையும் முளைத்த முப்பத்தாறாம் நாள் பெரியண்ணன் மூங்கில் கூடையில் வைத்து, தலையில் ஏற்றிக்கொண்டு, "வரேன் தங்கச்சி" என்றார். தைலம்மாளும் "போய்ட்டு வாங்கண்ணே" என்றாள். இதில் யாருக்கும் தப்பாக எதுவும் படவில்லை. படுவதற்கு ஒன்றும் இல்லை.

நாற்றுகள் திரும்பி வந்த அன்றே பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் பெரியண்ணனும் வந்துவிட்டார். திருட்டுப் போனதாக நினைத்து மலையிலேயே இரண்டு பேரிடம் வாய்த் தகராறு செய்துவிட்டு வந்திருந்தார். தோட்டக்கலை ஆபீசிலிருந்து தீனதயாளன் என்பவர் பைக்கில் வந்து பார்த்தார். நல்ல மனிதர், எதையும் உடனே நம்பிவிட மாட்டார். வேரை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தார், சீட்டுகளில் இருந்த தேதியைச் சரி பார்த்தார். அவரிடம் இருந்த படிவத்தில் இலைப்புள்ளி, நாற்றழுகல், வாடல் என்றெல்லாம் கட்டம் இருந்தது, இதற்கு இல்லை. அதனால் 'இதர' என்ற கட்டத்தில் 'திரும்பி வருதல்' என்று எழுதி, எதிரே 'குச்சி நட்டுக் கட்டவும்' என்று பரிந்துரைத்துவிட்டுப் போனார். பெரியண்ணன் அப்படியே செய்தார். செவ்வாய்க்கிழமை கொண்டுபோய், நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி அடித்து, சணலால் கட்டினார். வெள்ளிக்கிழமை எட்டேகால் பஸ்ஸில் குச்சியோடு வந்து இறங்கின. வந்தது முப்பத்தொன்று. நாலு நாற்று வழியில் எங்கேயோ வளைவில் தவறிவிட்டிருந்தன. இருந்தவற்றிலும் வேர் நைந்து, அடி இலை பழுத்திருந்தது. மிளகாய் நாற்று ஒருமுறை பிடுங்கி நட்டால் தாங்கும். கப்புக்கும் மண்ணுக்குமாக அலைந்தால் எத்தனை நாள் தாங்கும்? கப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் வேர் சுருண்டு, பூ எடுக்காமலே கிழடு தட்டிவிடும். ஆவணி மழைக்குள் அது மலை மண்ணில் காலூன்றாவிட்டால் காய் இல்லை, காய் இல்லையென்றால் விதை இல்லை. நாற்பத்தொன்றுக்குப் பிறகு நாற்பத்திரண்டாவது விதை உலகத்தில் கிடையாது.

தைலம்மாள் இரண்டு நாள் டீ கப் பக்கமே போகாமல் யோசித்தாள். பச்சையம்மாள் கொண்டுபோன மூன்றும் ஏன் திரும்பி வரவில்லை? மதிலுக்கு அந்தப் பக்கம், எட்டு அடி தூரம். விசாரித்ததில், மூன்றாம் வாரம் ஆடு கடித்துத் தின்றுவிட்டது என்றும், தின்கிறவரைக்கும் மூன்றும் நட்ட இடத்தைவிட்டு அசையவே இல்லை என்றும், ஆட்டுக்கு இரண்டு நாள் விக்கல் இருந்தது என்றும் தெரிந்தது. சரி, சண்டை போட்டு எடுத்துக்கொண்டு போனால் நிற்கும்போல என்று நினைத்து, பச்சையம்மாளிடமே மதில் வழியாகப் பேசினாள்.

"அக்கா, இன்னொரு வாட்டி வந்து சண்ட போட்டுட்டு இந்த நாத்த மலைக்கு எடுத்துக்கினு போறியா?"

"ஏண்டி, எனக்கு வேற வேலயில்லியா?"

"ஒரே ஒரு வாட்டிக்கா. உன்ன மாதிரி சண்ட போட இந்த ஊர்ல ஆளு ஏது?"

பச்சையம்மாள் வாயைத் திறந்து பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. "நீ இப்டி தன்மையா கேட்டா எனக்குக் கோவம் எப்டிடி வரும்? அடுப்புல இன்னமோ தீயுது, வரேன்" என்று போய்விட்டாள்.

அந்த 'வரேன்' காதில் விழுந்ததும் மாடியில் முப்பத்தொரு நாற்றும் லேசாக நிமிர்ந்ததைத் தைலம்மாள் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தீனதயாளனின் படிவத்தில் எட்டாதது ஓட்டை போட்ட டீ கப்போடு உட்கார்ந்திருந்தவளுக்கு எட்டியது. இருபத்தொரு நாள் இடுப்பில் கிடந்த விதைகள் சும்மா கிடக்கவில்லை, கேட்டுக்கொண்டு கிடந்திருக்கின்றன. பஸ் ஸ்டாண்டு ஓரத்து வீடு. நாற்றுக்கு வருகிறவர், தண்ணீருக்கு வருகிறவர், பையை வைத்துவிட்டுப் போகிறவர் என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் அந்த வாசலில் வரேன் என்று சொல்லியிருப்பார்கள். சொன்னவர்கள் எல்லாரும் மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்தும் இருக்கிறார்கள். தோலுக்குள் இருந்தபடியே அவை தமிழ் படித்துவிட்டன. ஆனால் பாஷை தெரிந்ததே தவிர வழக்கம் தெரியவில்லை. வாசலில் சொல்கிற வரேன் போவதற்கான சொல் என்று அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பச்சையம்மாள் இனி வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று கத்திவிட்டுப் போனாள், அவளோடு போனவை போன இடத்திலேயே நின்றுவிட்டன. பெரியண்ணன் வரேன் என்றார். அவரோடு போனவை வந்துவிட்டன. மனிதர் சொல் தவறிவிடக் கூடாதென்று, அவர் சார்பிலும் சேர்த்து வந்திருக்கின்றன. தைலம்மாளுக்குக் கோபம் வரவில்லை. இப்படி வளர்ந்ததுகளே என்று பெருமையாகத்தான் இருந்தது.

காரணம் தெரிந்த பிறகு வேலை சுலபம் என்று தோன்றும். அடுத்த முறை பெரியண்ணனை ஒரு வார்த்தை பேசாமல் போகச் சொன்னாள். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, தலையைக்கூட ஆட்டாமல், முதுகைக் காட்டிக்கொண்டு கூடையோடு இறங்கினார். முகம் சுண்டியிருந்தது. சொல்லிக்கொள்ளாமல் ஒரு வீட்டைவிட்டு இறங்குவது அவர் வயதுக்கு அதுதான் முதல் தடவை. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பஸ் ஸ்டாண்டில் வண்டி நகர்ந்துவிட்டது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு, "யப்பா, நிறுத்து, வரேன், வரேன், வரேன்" என்று மூன்று தடவை கூவினார். மூன்றே நாளில் நாற்றுகள் வந்துவிட்டன. இந்த முறை இருபத்து நாலு.

மிச்சமிருந்தது ஒரே வழி. வாசலில் நின்று, போறேன் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை ஒரு வீட்டு வாசலில் நின்று உயிரோடு இருக்கிற மனிதர் யாரும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சொல்லிக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கூட வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார். பெரியண்ணன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று தடவை முயன்றார். ஒவ்வொரு தடவையும் 'போ' என்று ஆரம்பித்து 'போய்ட்டு வரேன்' என்று முடிந்தது.

"நாக்கு வரலியே தங்கச்சி. வூட்ல மாரி தனியா கெடக்குறா. எதுனா ஆயிடுச்சின்னா?"

"இன்னாத்துக்கு ஆவும்? வெறும் சொல்லுதானேண்ணே."

"வெறும் சொல்லுக்கா இதுங்க மூணு வாட்டி பஸ் ஏறி வந்துச்சி?"

தைலம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவர் சொன்னது சரிதான். சொல்லுக்கு உள்ள கட்டு நாற்றுக்கு மட்டும் அல்ல, சொன்னவருக்கும் உண்டு. தன் இடுப்புச் சூட்டில் படித்த பாஷை அது. அவற்றின் காது கேட்க யார் போறேன் என்று சொன்னாலும் அவர் போனவர்தான். இந்த வாசலுக்குத் திரும்பி வருவது இல்லை. சாவோ வேறு எதுவோ, அது பிறகு தெரிகிற சங்கதி. வீட்டைப் பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். கப்புகளில் இருபத்து நாலும் பழுத்த இலையோடு நிமிர்ந்து நின்று, அடுத்து யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தன. பெரியண்ணனை நாளைக்குக் கரியாலூர் நிறுத்தத்தில் காத்திருக்கச் சொல்லி அனுப்பினாள். அன்று முழுக்க வீட்டைக் கழுவித் துடைத்தாள். எவ்வளவு துடைத்தாலும் அதில் எடுத்துக்கொண்டு போக எதுவும் இல்லை என்று தெரிந்ததும், ஒரு பையில் நாலு புடவையும் டீ கப்புக்கு ஓட்டை போடும் ஊசியும் வைத்துக்கொண்டாள்.

ஆவணி இரண்டாம் தேதி காலையில் வீட்டைப் பூட்டி, சாவியைப் பச்சையம்மாள் கையில் கொடுத்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் கிழக்கே பார்த்து நின்று, "தைலம்மா போறேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மேலே தூக்கிய கையிலிருந்து விட்ட டீ கீழ்க் கைக் குவளைக்கு வராமல் நடுவில் அப்படியே நின்றது. அவள் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை நின்று, பிறகு விழுந்தது. அந்த டீயைக் குடித்தவர் சூடு கம்மி என்றார். "தைலு, வந்துருடி" என்று பச்சையம்மாள் கத்தியதைக் கேட்டும் அவள் திரும்பவில்லை. கூடையின் மேல் புடவைத் தலைப்பைப் போட்டு மூடியிருந்தாள்.

சாகவில்லை. கரியாலூர் நிறுத்தத்தில் பெரியண்ணனும் மாரியும் குடையோடு நின்றார்கள். இருபத்து நாலையும் அன்றைக்கே தினைக் கொல்லை ஓரத்தில் அவளே நட்டாள். இரண்டு நாள் அவை பஸ் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே திரும்பிப் புது இலை விட்டன. புரட்டாசியில் பூ, ஐப்பசியில் கறுப்புப் பிஞ்சு, கார்த்திகையில் சிவப்பு. மாரி முதல் காயை அம்மியில் வைத்த அன்றைக்கு, பக்கத்து வீட்டு நாய்க்கு முன்னால் மாரியே தும்மினாள். தும்மிவிட்டு அழுதாள். காரத்துக்கு. தைலம்மாள் காய்க்கு முப்பது விதை வீதம் பொறுக்கி ஊருக்கெல்லாம் கொடுத்தாள். இப்போது மலையில் அந்த மிளகாய் இல்லாத கொல்லை கம்மி.

கச்சிராயபாளையத்தில் மட்டும் அவள் செத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டார்கள். வாசலில் நின்று தன் வாயால் சொல்லிவிட்டுப் போனவளை வேறு எப்படி வைத்துக்கொள்வது? பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி என்று ஃபிளெக்ஸ் கட்டினார்கள். பதினாறாம் நாள் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். அந்த ஃபிளெக்ஸ் யாருடைய போனிலோ வந்து தைலம்மாளே பார்த்தாள். ஆதார் அட்டைப் படத்தைப் போட்டிருக்கிறார்களே, வேறு நல்ல படமே கிடைக்கவில்லையா என்பதுதான் அவளுடைய ஒரே குறை. ஒருமுறை கண்ணாடி மாற்றுவதற்காகக் கீழே இறங்கப் பார்த்தாள். பஸ் எல்லா வளைவையும் இறங்கி, அடிவாரத்து அணை தெரிகிற இடமும் தாண்டி, கடைசி வளைவில் திரும்பி, கரியாலூரில் நின்றது. டிரைவர் மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் தப்பில்லை என்று அவளே சமாதானம் சொல்லி இறங்கிக்கொண்டாள். ரோட்டுக்கு மேலே மாரி வீட்டுப் பக்கத்தில் ஒரு சார்ப்பு இறக்கிக்கொண்டு, அதில் டீ கப் அடுக்கி, மலைக்கு வேண்டிய நாற்றையெல்லாம் அவள்தான் போடுகிறாள். வாங்கிக்கொண்டு போகிறவர்கள், குழந்தைகள் உட்பட, போறேன் என்றுதான் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். மலையில் முளைத்தவை அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்ததால், சொன்னவர்கள் மறுவாரமே திரும்பி வருவதற்குத் தடை இல்லை. அருவி பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுப் பதறுவதுண்டு.

பச்சையம்மாள் மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். தைலம்மாள் சொல்லி அனுப்பியிருந்த கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, செத்தவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள். "இன்னாடி, செத்தும் இளைக்கலியே நீ" என்று ஆரம்பித்து, வீட்டுச் சாவியில் தொடங்கி வடகத்துத் தண்ணீர் வரை மதியம்வரைக்கும் சண்டை நடந்தது. மாரி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டாள். சாப்பிட்டு முடித்து, முந்தானையில் ஒரு கை மிளகாயை முடிந்துகொண்டு, கைகழுவிய ஈரத்தைப் புடவையில் துடைத்தபடியே பச்சையம்மாள், "சரிடி, வரேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. முந்தானையில் இருந்தது எந்த மிளகாய் என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டேகால் பஸ் திரும்பி மேலே வந்தபோது பச்சையம்மாள் அதில் இருந்தாள். தான் வரவில்லை என்றும், ஆட்டுக்குத் தழை பறிக்கக் கிளம்பிய கால் இங்கே கொண்டுவந்து விட்டதென்றும் சொன்னாள். தைலம்மாள் நம்பினாள். போகும்போது வாய் தவறி மறுபடியும் அதையே சொல்லிவிட்டாள். இப்படியே வாரா வாரம் நடக்கிறது. மழை ஜாஸ்தியான மாதங்களில் ஒரு குடையும், தழை போட ஒரு கோணிப்பையும் கொண்டுவருகிறாள்.